பெயர்க்கல் இல்லாத 35 ஆண்டுகள்: சிஸ்டர் ரொசெட்டா தார்ப்

1964 மே மாதம் 7ஆம் திகதி. இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரில் மழை. நகரின் தெற்குப் பக்கத்தில் வில்பிரஹாம் ரோட் என்றொரு சிறிய புகையிரத நிலையம். 1958இலேயே பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்ட அந்த நிலையத்துக்கு அன்று மட்டும் ஒரு ரயில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. இறங்குபவர்களில் அனேகர் இருபது வயதை ஒட்டிய வெள்ளை இளைஞர்கள், யுவதிகள். கிரனாடா தொலைக்காட்சி அவர்களை அழைத்திருக்கிறது. ஒரு மேடையில் அவர்கள் அமர்கிறார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மேடையில், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராகத் தோன்றிப் பாடுகிறார்கள். மடி வோட்டர்ஸ் பாடுகிறார். பார்வையிழந்த மவுத் ஓர்கன் கலைஞர் சனி டெரியும் அவரது நீண்டகாலத் தோழர் பிரவுனி மெக்கீயும் பாடுகிறார்கள்.

பிறகு ஒரு குதிரை வண்டி வருகிறது. அதிலிருந்து ஒரு பெண்மணி இறங்குகிறார். வயது 49. நீண்ட கோட்டு, குதி உயர்ந்த சப்பாத்து, ஒரு விருந்துக்கு வருகிறவரின் தோரணை. மேடை முழுக்க ஈரம். அவர் ஒரு வெள்ளை நிற மின் கிற்றாரை எடுத்துத் தோளில் மாட்டுகிறார். முதலில் பாடுவதாக இருந்தது வேறு பாடல். மழையைப் பார்த்ததும் அதை மாற்றி, நோவாவின் காலத்துப் பெருமழையைப் பற்றிய பழைய ஆலயப் பாடலைப் பாடுகிறேன் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். நடுவில் குரலை நிறுத்திவிட்டுக் கிற்றாரை மட்டும் பேசவிடுகிறார். எதிர்ப்பக்கத்தில் குளிரில் ஒடுங்கி இருந்த பிள்ளைகள் கை தட்டத் தொடங்குகிறார்கள்.

அவர்தான் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். அந்த நிகழ்ச்சியின் பெயர் 'புளூஸ் அன்ட் கொஸ்பல் ட்ரெயின்'. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது ஒளிபரப்பானது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளிநாடாக்களைப் பெரிய பொக்கிஷமாக நினைக்கவில்லை. ஒன்றை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். எத்தனையோ நிகழ்ச்சிகள் அப்படிப் போயின. இது தப்பிவிட்டது. இன்று அவரை அறிந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கைபேசியில் பார்த்து அறிந்தது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், பழைய காட்சிகளைப் பார்க்க எங்களுக்கு ஒரு வழி சொல்லித் தந்தார்கள். முதலில் நடுவில் நிற்பவரைப் பார்; பிறகு அவரை மனதால் அகற்றிவிட்டு, சுற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார். அப்படிப் பார்த்தால் வில்பிரஹாம் ரோட் வேறொரு கதை சொல்கிறது. மன்செஸ்டர் நிலையத்தை அமெரிக்கத் தென்மாநிலத்து நிலையம் போல வேடமிட்டிருக்கிறார்கள். மரப்பெட்டிகள், மூட்டைகள், சுவரில் குற்றவாளிகளைத் தேடும் பழைய பாணிச் சுவரொட்டிகள். கோழிகளும் ஆடும் கூட உண்டு. புளூஸ் பாடுகிறவர்கள் என்றால் இப்படியான இடத்தில்தான் இருப்பார்கள் என்பது அன்றைய பிரித்தானிய ரசிகர்களின் கற்பனை. அன்போடு செய்த கற்பனைதான். ஆனால் உண்மையான தென்மாநில நிலையங்களில் வெள்ளையருக்கு ஒரு காத்திருப்பு அறை, கறுப்பருக்கு வேறோர் அறை. அந்த இடங்களை விட்டு சிக்காகோவுக்கும் நியூயோர்க்குக்கும் தப்பி வந்தவர்களைக் கூப்பிட்டு, அதே இடத்தின் நகலில் நிறுத்திப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளையர் ஒரு மேடையில், கறுப்பர் மறு மேடையில், நடுவில் தண்டவாளம். அந்த ஏற்பாட்டின் பொருள் அங்கிருந்தவர்களில் எத்தனை பேருக்கு உறைத்ததோ.

ரொசெட்டா அந்த வேடத்துக்குள் அடங்கவில்லை. அவர் கிராமத்துப் பாட்டியாக வரவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விளையாட்டரங்குகளை நிரப்பிய நட்சத்திரமாக, தனக்குப் பிடித்த கிப்சன் கிற்றாரோடு வந்தார்.

அவர் பிறந்தது 1915 மார்ச் 20, ஆர்க்கன்சோ மாநிலத்தில் கொட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில். பருத்திச் செடி என்பதுதான் ஊரின் பெயர். ஊரின் வேலையும் அதுவே. தாய் கேற்றி பெல் நூபின், கிறிஸ்துவில் தேவசபை என்ற கறுப்பினப் பெந்தகொஸ்தே சபையில் ஊழியம் செய்தவர், மண்டொலின் வாசிப்பவர். அந்தச் சபையைப் பற்றி நமது வாசகர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. வன்னியில் மாலை நேரங்களில் தகரக் கொட்டிலுக்குள் கிற்றாரும் தம்பூரினும் கைதட்டலும் சேர்ந்து ஒலிக்கும் ஆராதனையைக் கேட்டவர்களுக்கு அது புரியும். மற்றச் சபைகள் ஓர்கனோடும் ஒழுங்கான பாடற்குழுவோடும் நிறுத்திக்கொண்ட காலத்தில், இவர்கள் மேளத்தையும் கிற்றாரையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு பெண்பிள்ளை கிற்றார் பழகுவதை அங்கே யாரும் தடுக்கவில்லை. நாலு வயதில் கிற்றார் கைக்கு வந்தது. ஆறு வயதில் தாயோடு ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் வாசிக்கத் தொடங்கினாள் அந்தச் சிறுமி. 1920களின் நடுப்பகுதியில் தாயும் மகளும் சிக்காகோவில் குடியேறினார்கள்.

1934இல் தோமஸ் தோர்ப் என்ற போதகரை மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. பெயரின் எழுத்தைச் சற்று மாற்றித் தார்ப் என்று வைத்துக்கொண்டார்; அதுவே கடைசிவரை நின்றது.

1938 இல் நியூயோர்க் வந்தார். ஒக்டோபர் 31ஆம் திகதி டெக்கா நிறுவனத்துக்காக முதல் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவை உடனே விற்றன. கொட்டன் கிளப்பில் பாடினார். டிசம்பரில் கார்னகி மண்டபத்தில், கறுப்பின இசையின் வரலாற்றைக் காட்டுவதற்காக நடந்த பெருநிகழ்ச்சியில் மேடையேறினார். ஆண்டவரைத் துதிக்கும் பாடல்களை மதுக்கூடத்தில், ஆட்டக்காரிகளுக்கு நடுவே பாடினார் என்பதுதான் சபையாரின் கோபம். அந்தக் கோபம் சின்னதல்ல. அவரை வளர்த்ததே அந்த ஆலயம்தான். அவர் கடைசிவரை அதன் பிள்ளையாகவே தன்னை நினைத்துக்கொண்டார். ஆலயமோ அவரை முழுமையாகத் திரும்ப ஏற்றுக்கொள்ளவில்லை. லக்கி மிலிண்டரின் இசைக்குழுவில் சேர்ந்தபோது, உலகியல் பாடல்களையும் பாட வேண்டி வந்தது. அவற்றில் சில அவருக்கே பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் குழுவை விட்டு விலகினார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்த அமெரிக்கப் படையினருக்கு அனுப்புவதற்கென அரசாங்கம் தனியாக இசைத்தட்டுகள் தயாரித்தது. அவற்றில் பாட அழைக்கப்பட்ட கொஸ்பல் கலைஞர்கள் இரண்டே தரப்புத்தான்: கோல்டன் கேட் குவார்ட்டெட் என்ற ஆண்கள் குழு, மற்றது ரொசெட்டா. 1944இல் பியானோக் கலைஞர் சமி பிரைஸோடு சேர்ந்து பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ் திங்ஸ் ஹெப்பனிங் எவ்ரி டே' அடுத்த ஆண்டு கறுப்பினப் பாடல்களுக்கான பில்போர்ட் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. ஒரு கொஸ்பல் பாடல் அந்தப் பட்டியலில் அவ்வளவு தூரம் ஏறியது புதுமை. அந்தத் தட்டைக் கேட்டால், பின்னால் பத்து ஆண்டுகள் கழித்து உலகம் ரொக் அன்ட் ரோல் என்று கொண்டாடிய துள்ளல் அதில் அப்படியே இருக்கிறது. எது முதல் ரொக் அன்ட் ரோல் பாடல் என்ற விவாதம் முடியாத விவாதம். அதற்குள் நான் போகவில்லை. அந்த வரிசையில் இந்தப் பாடலை வைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

1946 வாக்கில் மரி நைட் என்ற பாடகியைச் சந்தித்தார். இரண்டு பெண்கள், ஒரு கிற்றார், ஒரு பியானோ. ஆண் காவல் இல்லாமல் நாடு முழுக்கச் சுற்றினார்கள். மரியின் குரல் கனமானது, ரொசெட்டாவின் குரல் கூர்மையானது. இரண்டும் ஒன்றை ஒன்று முந்தாமல் மாறி மாறி வரும். அவர்கள் சேர்ந்து பாடிய 'அப் எபவ் மை ஹெட்' பாடலை 1960களின் தொடக்கத்தில் ரொசெட்டா அமெரிக்கத் தொலைக்காட்சியில் மீண்டும் பாடியிருக்கிறார். ஞாயிறு காலைகளில் கறுப்பினக் குடும்பங்களுக்காக ஒளிபரப்பான 'டிவி கொஸ்பல் டைம்' என்ற நிகழ்ச்சி அது. பின்னால் அங்கி அணிந்த பாடற்குழு, முன்னால் கிற்றாரோடு அவர். என்னைக் கேட்டால், மன்செஸ்டர் காட்சியைவிட இதுதான் உயர்ந்தது. இதில் ஆடும் கோழியும் இல்லை. தன் சனத்துக்கு முன்னால் நிற்கும் ஒருவருக்கு வரும் இயல்பு இதில் இருக்கிறது. கிற்றாரைத் தனியே வாசிக்கும் இடத்தில் விரல்களைப் பார்க்காமல் முகத்தை நிமிர்த்திக்கொண்டு வாசிக்கிறார். வலது கையை வட்டமாக வீசி எடுக்கிறார். பல ஆண்டுகள் கழித்து ரொக் கிற்றார்க்காரர்கள் தங்கள் அடையாளமாக்கிக்கொண்ட அசைவுகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க அந்த ஒரு நிமிடம் போதும்.

தெற்கில் பயணம் செய்வது கொடுமையாக இருந்தது. கறுப்பருக்குக் கொட்டல்களில் அறை கொடுக்கமாட்டார்கள். அதனால் படுத்து எழும்பக்கூடிய ஒரு பஸ்ஸில் பயணம் செய்தார். ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையரின் பாடற்குழு சில காலம் அவரோடு சென்றது. மேடையில் அவர் பிரதான பாடகி, அவர்கள் பக்கப்பாட்டுக்காரர். மேடையை விட்டு இறங்கியதும் கதை தலைகீழ். சாப்பாட்டுக் கடைக்குள் அவர்கள் போகலாம், அவர் போகக்கூடாது. அவர்கள் உள்ளே போய்ச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் இருந்த அவரிடம் கொடுத்தார்கள். அதே ஜோர்டனேர்ஸ் பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பக்கப்பாட்டுப் பாடினார்கள். ரொசெட்டாவின் கிற்றார் வாசிப்பு எல்விசுக்கு மிகவும் பிடிக்கும் என்று அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே பின்பு சொல்லியிருக்கிறார்கள்.

1947இல் ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் அவரது நிகழ்ச்சி. தொடங்குமுன் மண்டபத்தில் ஒரு 14 வயதுப் பையன் அவரது பாடல்களைப் பாடிக் காட்டுகிறான். அவனை அன்றிரவே மேடையேற்றிப் பாடவைத்து, கையில் காசும் கொடுத்தனுப்புகிறார். அந்தப் பையன் லிட்டில் ரிச்சர்ட். ஆர்க்கன்சோவின் பருத்தி வயல்களில் வளர்ந்த ஜொனி கேஷ், 1992இல் ரொக் அன்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, சிறுவயதில் தான் கேட்டு மயங்கியவர்களுள் ஒருவராக ரொசெட்டாவின் பெயரைச் சொன்னார். அந்த மண்டபம் எல்விசையும் லிட்டில் ரிச்சர்டையும் தன் முதல் தொகுதியிலேயே, 1986இல், சேர்த்துக்கொண்டது. ரொசெட்டாவைச் சேர்த்தது 2018இல். 32 ஆண்டுகள் பிந்தி. அதுவும் முன்னோடிகளுக்கான பிரிவில்.

அவரது திருமணக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 1951 ஜூலை 3. இடம் வாஷிங்டன் நகரின் கிரிஃபித் விளையாட்டரங்கு. அங்கு நடந்தது அவரது மூன்றாவது திருமணம். 25 ஆயிரம் அளவிலான மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஏற்பாட்டாளர்கள் ஃபெல்ட் சகோதரர்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் பெரியதொரு சர்க்கஸ் கம்பனியையே வாங்கியவர், எனவே காட்சி நடத்தத் தெரிந்தவர். ஒப்பந்தத்தில் ரொசெட்டா கையெழுத்திட்டபோது மாப்பிள்ளை யாரென்றே முடிவாகவில்லை. பிறகு ரசல் மொரிசன் என்பவர் மாப்பிள்ளையானார், அவரே முகாமையாளரும் ஆனார். சடங்கு முடிந்ததும் மணப்பெண் கல்யாண உடுப்போடேயே கிற்றாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். வாணவேடிக்கை நடந்தது. டெக்கா நிறுவனம் திருமணத்தையே பதிவு செய்து இசைத்தட்டாக விற்றது. இன்றைய பிரபலங்களின் கல்யாணங்களை ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு விற்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், இதை ஒரு கறுப்பினப் பெண் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தானாக நடத்தியதையும் கணக்கில் வைக்கலாம்.

அதன் பின் இறக்கம். ரொக் அன்ட் ரோல் வந்தது. அதைப் பாடியவர்கள் இளம் ஆண்கள், அவர்களில் வெள்ளையர்களுக்கே பெரிய பணம் போனது. ஆலயத்துக்குள் மஹாலியா ஜாக்சன் போன்றவர்களின் நிதானமான பாணி மரியாதை பெற்றது. ரொசெட்டா இரண்டுக்கும் நடுவில் நின்றார். 1957இல் கிறிஸ் பார்பர் என்ற ஆங்கிலேய ஜாஸ் கலைஞரின் அழைப்பில் பிரித்தானியாவுக்குப் போனார். தன் நாட்டில் குறைந்துகொண்டு போன கவனம் அங்கே கிடைத்தது. மன்செஸ்டர் புகையிரத நிலையத்துக்கு அவர் வந்தது அந்த வழியில்தான்.

பழைய தொலைக்காட்சியில் புளூஸ், நாட்டார் இசைக் கலைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒன்று உறுத்தும். அவர்களில் அனேகரைக் கமெரா கண்டுபிடித்தபோது அவர்களுக்கு வயதாகிவிட்டது. மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1928இல் பாடிப் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, 35 ஆண்டுகள் யாரும் தேடாமல் இருந்தார். 1963இல் தேடிப் பிடித்தார்கள். பீட் சீகர் சின்னஞ்சிறு நிலையம் ஒன்றில் நடத்திய 'ரெயின்போ குவெஸ்ட்' நிகழ்ச்சியில் நாம் காண்பது அந்தக் கிழவரை. 1966 நவம்பரில் அவர் இறந்துவிட்டார். வாலிபத்தில் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று காட்ட ஓர் அசையும் படம் கூட இல்லை. மன்செஸ்டர் மழையில் நாம் பார்க்கும் ரொசெட்டாவும் தனது உச்சத்தைக் கடந்துவிட்ட ரொசெட்டாதான். உச்சம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க மட்டும்தான் முடியும்.

1968இல் தாய் கேற்றி பெல் இறந்தார். ஆறு வயதிலிருந்து ஒன்றாகப் பயணம் செய்த தாய். அந்த இழப்பிலிருந்து அவர் மீளவில்லை என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். 1970இல் ஐரோப்பாவில் நிகழ்ச்சிகளுக்காகச் சென்றிருந்த காலத்தில் உடல் விழுந்தது. பாரிசவாதம் வந்தது. நீரிழிவு நோய் முற்றி ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் பாடினார். 1973 ஒக்டோபரில் மீண்டும் ஒரு பதிவுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள், 9ஆம் திகதி, பிலடெல்பியாவில் உயிர் பிரிந்தது. வயது 58.

அந்த நகரத்தின் நோர்த்வூட் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். கல் வைக்கவில்லை. 25 ஆயிரம் பேர் காசு கொடுத்துப் பார்த்த மணப்பெண்ணின் தலைமாட்டில் பெயர் எழுதிய ஒரு பலகை இல்லை. புல் மூடிய நிலம் மட்டும்.

இந்த இடத்தில் எங்கள் வாசகர்களில் பலர் வாசிப்பை நிறுத்தி மூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பெயருள்ள கல்லறைகள் இடிக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாங்கள். எங்கே விழுந்தார் என்ற இடமே தெரியாமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேடுபவர்கள் எங்கள் அயலில் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அல்பமும் கசெற்றும் பங்கருக்குள் விடுபட்டு, பிள்ளையின் ஒரு படம் கூட மிஞ்சாத வீடுகள் உண்டு. ரொசெட்டாவின் கதை அதுவல்ல. அவரது கல்லறையை யாரும் இடிக்கவில்லை, கவனிக்காமல் விட்டார்கள். இரண்டையும் ஒன்றாக்குவது எங்கள் இழப்புக்கும் நியாயமாகாது, அவரது கதைக்கும் நியாயமாகாது. ஆனாலும், குரலும் முகமும் விரல்களும் படச்சுருளில் பத்திரமாக இருக்க, உடல் கிடந்த இடத்துக்கு மட்டும் பெயர் இல்லாமல் போன விந்தையை, எங்களை விடக் கூர்மையாக உணரக்கூடியவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

1998இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் கொஸ்பல் பாடகியர் நால்வருக்கு முத்திரை வெளியிட்டது. 32 சதம் பெறுமதி. மஹாலியா ஜாக்சன், ரொபர்ட்டா மார்ட்டின், கிளாரா வோர்ட், ரொசெட்டா தார்ப். அவரது முகம் ஒட்டிய கடிதங்கள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அப்போதும் நோர்த்வூட்டில் கல் இல்லை.

2007இல் கெயில் வோல்ட் என்ற பேராசிரியை அவரது வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். அவரோடு பாடியவர்களையும் பயணம் செய்தவர்களையும் தேடிச் சென்று பேசி எழுதிய நூல் அது. ரசிகர்கள் சேர்ந்தார்கள். கல்லுக்குப் பணம் திரட்ட 2008 ஜனவரி 11ஆம் திகதி ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்த நாளைப் பென்சில்வேனியாவின் ஆளுநர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் தினம் என்று அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கல் வந்து சேர்ந்தது. பெயர் பொறித்து, புல்லை வெட்டி, தலைமாட்டில் நட்டார்கள்.